பர்கரைத் தடுத்தார்கள், சாம்பார் பொடி கைமாறியது

திருவனந்தபுரத்தில் போட்ட 'கொழுப்பு வரி' ஓராண்டில் மறைந்தது. மலையாளிகளின் மசாலா டப்பா நார்வே கம்பெனியின் சொத்தானது.

2016 ஜூலை 8, வெள்ளிக்கிழமை. மே மாதக் கடைசியில் ஆட்சிக்கு வந்த இடதுசாரி ஜனநாயக முன்னணி அரசின் முதல் பட்ஜெட்டைத் திருவனந்தபுரம் சட்டமன்றத்தில் நிதியமைச்சர் தாமஸ் ஐசக் படித்துக்கொண்டிருந்தார். கஜானா காலி என்று ஒரு வாரத்துக்கு முன்புதான் வெள்ளை அறிக்கை வைத்திருந்தார். எனவே பணத்துக்கு எங்கே கைவைக்கப் போகிறார் என்பதைக் கேட்கத்தான் எல்லோரும் காத்திருந்தார்கள். தேங்காய் எண்ணெய்க்கு 5 சதவீதம், பாக்கெட்டில் வரும் கோதுமை மாவு, மைதா, ரவைக்கு 5 சதவீதம் என்று வழக்கமான சரக்குகளாக நகர்ந்த பட்டியலில் திடீரென்று சில புது விருந்தாளிகள் தலைகாட்டினார்கள். பர்கர், பீட்ஸா, டாக்கோ, டோனட், சாண்ட்விச், பாஸ்தா. பிராண்ட் பெயரில் நடக்கும் உணவகங்கள் இவற்றை விற்றால் 14.5 சதவீத வரி. 200 ரூபாய் பீட்ஸாவுக்கு வரி மட்டும் 29 ரூபாய்.

உலகப் பத்திரிகைகளுக்கு இது போதுமானதாக இருந்தது. இந்தியாவின் முதல் 'கொழுப்பு வரி' என்று செய்தி பறந்தது. டென்மார்க் 2011 அக்டோபரில் இதைச் செய்து பார்த்து, தன் மக்கள் எல்லை தாண்டி ஜெர்மனிக்குப் போய் வெண்ணெய் வாங்குவதைக் கண்டு, 2013 ஜனவரியில் கைவிட்டது. ஹங்கேரி 2011-ல் உப்பும் சர்க்கரையும் மிகுந்த தீனிகளுக்கு வரி போட்டது. மெக்சிகோ 2014-ல் குளிர்பானத்துக்கு லிட்டருக்கு ஒரு பெஸோ விதித்தது. அந்த வரிசையில் இப்போது கேரளம். அரசுக்குத்தான் கொழுப்பு என்று பீட்ஸா பிரியர்கள் முணுமுணுத்திருந்தால் ஆச்சரியப்படுவதற்கில்லை.

வரிக்குக் காரணம் இல்லாமல் இல்லை. 2015-16 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, 15 முதல் 49 வயது வரையிலான கேரளப் பெண்களில் 32.4 சதவீதம் பேர் அளவுக்கு மீறிய எடை உள்ளவர்கள். ஆண்களில் 28.5 சதவீதம். அகில இந்திய சராசரியோ இரு தரப்பிலும் இருபதை ஒட்டித்தான் இருந்தது. எழுத்தறிவிலும் ஆயுளிலும் நாட்டுக்கே முன்னோடியான மாநிலம், இடுப்புச் சுற்றளவிலும் முன்னோடியாக இருந்தது.

ஆனால் இந்த இடுப்புக்கு பர்கரா காரணம்? மாலை ஆறு மணிக்குமேல் திருவனந்தபுரத்தின் எந்தத் தெருமுனையிலும் ஒரு தட்டுக்கடை விளக்கேற்றிக்கொள்ளும். கல்லில் எண்ணெய் மினுங்க புரோட்டா, பக்கத்தில் பீஃப் வறுவல், ஆம்லெட், கட்டஞ்சாயா. அத்தனையும் மைதா, எண்ணெய், இறைச்சி. இதற்கு வரி கிடையாது. பிராண்ட் பெயர் இல்லையே! சாயாக்கடைக் கண்ணாடி அலமாரியில் அடுக்கியிருக்கும் பழம்பொரிக்கும் முட்டை பப்ஸுக்கும் அதே சலுகை. கொழுப்புக்கு வரி என்றார்கள். உண்மையில் அது பெயர்ப்பலகைக்கு வரி. எதிர்பார்த்த வருமானமும் ஆண்டுக்கு 10 கோடி ரூபாய்தான். ஒரு மாநில அரசின் கணக்கில் அது தாளிக்கிற கடுகு.

பெயர்ப்பலகையில் இருப்பது யார் பெயர், கல்லாவில் உட்கார்ந்திருப்பது யார் என்று பார்த்தால் விஷயம் இன்னும் வேடிக்கையாகிறது. டாமினோஸ் பீட்ஸாவை இந்தியாவில் நடத்துவது நொய்டாவின் ஜூபிலன்ட் ஃபுட்வொர்க்ஸ். மேற்கிலும் தெற்கிலும் மெக்டொனால்ட்ஸை நடத்துவது மும்பையின் ஹார்ட்காஸ்ல் ரெஸ்டாரன்ட்ஸ். கே.எஃப்.சி. கடைகளை நடத்துவதில் முன்னணியில் உள்ள தேவயானி இன்டர்நேஷனல், பெப்சியைப் புட்டியில் அடைக்கும் ஜெய்பூரியா குடும்பத்தினுடையது. பெயருக்கும் செய்முறைக்கும் அமெரிக்காவுக்கு ராயல்டி போகிறது, முதலாளி இந்தியர். இந்தக் கடைகளின் சாப்பாடும் அசல் அமெரிக்கச் சாப்பாடு அல்ல. 1996 அக்டோபரில் டெல்லியில் முதல் கடை திறந்தபோதே மாட்டிறைச்சி இல்லாத மெனுவோடுதான் மெக்டொனால்ட்ஸ் வந்தது. அந்த விதி கேரளத்திலும் மாறவில்லை. இந்தியாவிலேயே தடையின்றி பீஃப் கிடைக்கிற நகரங்களில் ஒன்றான திருவனந்தபுரத்தில், அது கிடைக்காத இடம் அமெரிக்க பர்கர் கடை.

வரி எத்தனை பேரை புட்டுக்குத் திருப்பியது என்று பார்க்க அவகாசம் கிடைக்கவில்லை. 2017 ஜூலை 1 அன்று நாடு முழுவதும் ஜி.எஸ்.டி. வந்தது. எந்தப் பண்டத்துக்கு எவ்வளவு என்பதைத் தனியாகத் தீர்மானிக்கும் உரிமையை மாநிலங்கள் பெருமளவு இழந்தன. கேரளத்தின் கொழுப்பு வரியும் அதோடு கரைந்தது. ஒரு வயதுகூட நிரம்பவில்லை.

அடுத்து நடந்தது, வரிக்கும் விலைக்கும் உள்ள உறவைப் பற்றி நல்ல பாடம். 2017 நவம்பர் 15 முதல் உணவகங்களுக்கான ஜி.எஸ்.டி. 18 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. சாப்பிடுபவருக்கு 13 சதவீதம் மிச்சமாக வேண்டும். ஆனால் பல பண்டங்களின் அடிப்படை விலை அதே வேகத்தில் மேலே ஏறியது. வரிக்குறைப்பின் பலனை வாடிக்கையாளருக்குத் தரவில்லை என்று தேசிய லாபக்குவிப்புத் தடுப்பு ஆணையம் தீர்ப்புச் சொன்னது. ஹார்ட்காஸ்ல் விஷயத்தில் 2018-ல் அது போட்ட கணக்கு 7.49 கோடி ரூபாய். ஜூபிலன்ட் விஷயத்தில் 2019 தொடக்கத்தில் 41.42 கோடி. வரி குறைந்தபோதே மூலப்பொருள் மீது கட்டிய வரியைத் திரும்பப் பெறும் வசதியும் பறிபோனது, அதைத்தான் ஈடுகட்டினோம் என்பது கம்பெனிகள் தரப்பு. ஜூபிலன்ட் வழக்குக்குப் போனது. எப்படியானாலும், திருவனந்தபுரம் ஓராண்டில் வசூலிக்க நினைத்த தொகையைப்போல நான்கு மடங்குக்கு மேலான தகராறு, ஒரே கம்பெனியின் பில் புத்தகத்தில் இருந்தது.

அந்நியத் தீனியோடு திருவனந்தபுரம் மோதியது இது முதல்முறையல்ல. 2006 ஆகஸ்டில், குளிர்பானங்களில் பூச்சிக்கொல்லி எச்சம் இருப்பதாக டெல்லியின் அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் அறிக்கை வெளியிட்டதும், வி.எஸ். அச்சுதானந்தன் அரசு கோக், பெப்சி இரண்டின் தயாரிப்புக்கும் விற்பனைக்கும் மாநிலம் முழுவதும் தடை போட்டது. செப்டம்பரில் கேரள உயர்நீதிமன்றம் தடையை ரத்து செய்தது. பிளாச்சிமடா கிராமத்தில் நிலத்தடி நீருக்காக மக்கள் போராடி, 2004 மார்ச்சில் கோகோ கோலா ஆலை மூடப்பட்ட கதையின் சூடு அப்போது ஆறியிருக்கவில்லை. பக்கத்து கர்நாடகத்தில் இன்னும் முன்பே ஆரம்பித்துவிட்டது. 1995 ஜூனில் பெங்களூரில் முதல் கே.எஃப்.சி. திறந்தது, 1996 ஜனவரியில் பேராசிரியர் நஞ்சுண்டசாமியின் விவசாயிகள் அதை அடித்து நொறுக்கினார்கள்.

இத்தனை சண்டைகளிலும் எதிரி ஒரே மாதிரி இருந்தான். சிவப்பு நிறம், ஆங்கில எழுத்து, கண்ணாடிக் கதவு. பார்த்தவுடன் அடையாளம் தெரியும்.

மலையாளியின் சமையலறைக்குள் உண்மையிலேயே பெரிதாக நுழைந்த பன்னாட்டு நிறுவனத்துக்கு இந்த அடையாளம் எதுவும் கிடையாது. போடியிலிருந்து மலையேறி மூணாறு வழியாகக் கொச்சிக்குப் போகும் சாலையில் இருக்கிறது அடிமாலி. அங்கே எம்.ஈ. மீரான் என்ற வியாபாரி 1983-ல் தொடங்கியது ஈஸ்டர்ன் மசாலா. மிளகாய்ப் பொடி, மல்லிப் பொடி, மஞ்சள் பொடியோடு நிற்காமல் மீன் மசாலா, இறைச்சி மசாலா, சாம்பார் பொடி என்று அந்தப் பெயர் வீடு வீடாகப் போனது. வளைகுடாவுக்குப் போன மலையாளியின் பெட்டியிலும் போனது. பிறகு வளைகுடாக் கடைகளிலேயே கிடைக்க ஆரம்பித்தது. அம்மிக்கல் வாசலுக்குப் போய், அம்மாவும் வேலைக்குப் போன காலம் அது. கறிக்கு எத்தனை மல்லிக்கு எத்தனை மிளகாய் என்று கணக்குத் தெரியாத ஒரு தலைமுறை, அந்தக் கணக்கைப் பாக்கெட்டாக வாங்கியது.

மிளகாயும் மல்லியும் பெரும்பாலும் கேரளத்தில் விளைவதில்லை. மிளகாய் ஆந்திரத்திலிருந்தும் கர்நாடகத்திலிருந்தும் வரவேண்டும். மல்லி வடக்கேயிருந்து வரவேண்டும். கேரளம் போட்ட முதல், கைப்பக்குவம். விலைபேசப்பட்டதும் அதுதான். 2010-ல் உலகின் மிகப்பெரிய மசாலா நிறுவனமான அமெரிக்காவின் மெக்கார்மிக் 26 சதவீதப் பங்கை வாங்கியது. 2011-ல் மீரான் காலமானார். மகன்கள் கம்பெனியை வளர்த்தார்கள். 2020 செப்டம்பரில் அடுத்த அறிவிப்பு வந்தது. மெக்கார்மிக்கின் 26, குடும்பத்தின் 41.8, ஆக 67.8 சதவீதம் நார்வேயின் ஆர்க்லா நிறுவனத்துக்கு. முழுக் கம்பெனியின் மதிப்பு 2,000 கோடி ரூபாய். 2021 மார்ச்சில் கைமாற்றம் முடிந்தது. கொரோனா காலம், வீட்டுக்குள் அடைபட்டு மூன்று வேளையும் சமைத்துக்கொண்டிருந்த மக்கள், அந்தப் பொடியை முன்னெப்போதையும்விட அதிகமாகக் கிளறிக்கொண்டிருந்த நேரம்.

ஆர்க்லா 1654-ல் ஒரு சுரங்கமாகப் பிறந்த கம்பெனி. ஈஸ்டர்னை அது நேரடியாக வாங்கவில்லை, பெங்களூரின் எம்.டி.ஆர். மூலம் வாங்கியது. எம்.டி.ஆரையே 2007-ல் சுமார் 8 கோடி டாலருக்கு ஆர்க்லா வாங்கியிருந்தது. இந்த எம்.டி.ஆரின் கதையைக் கொஞ்சம் நின்று கேட்க வேண்டும்; அரசாங்கம் உணவு விலையில் தலையிட்டால் என்ன முளைக்கும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் இல்லை. 1924-ல் உடுப்பிப் பக்கத்து பிராமணக் குடும்பம் ஒன்று தொடங்கிய சிற்றுண்டிக் கடை அது. ரவா இட்லி அங்கே பிறந்தது என்பார்கள். இரண்டாம் உலகப்போரில் பர்மா அரிசி நின்றுபோனதன் விளைவு. அதே பர்மா அரிசி நின்றதால்தான் திருவிதாங்கூரும் மரச்சீனிக் கிழங்கைத் தின்று உயிர்பிழைத்தது. பிறகு 1975, நெருக்கடி நிலை. ஓட்டல்கள் இட்லி, தோசையை இந்த விலைக்குத்தான் விற்க வேண்டும் என்று கட்டுப்பாடு. கட்டுப்படியாகாமல் எம்.டி.ஆர். கடையை மூடியது. ஆட்களைக் கைவிடாமல் இருக்க, மாவு கலவையையும் பொடியையும் பாக்கெட் போட்டு விற்க ஆரம்பித்தது. அந்தப் பாக்கெட்தான் முப்பது ஆண்டுகள் கழித்து நார்வேக்குப் போனது. சிற்றுண்டிக் கடை மட்டும் இன்றும் குடும்பத்தின் கையில்.

எம்.டி.ஆரும் ஈஸ்டர்னும் ஒரே கூரைக்கு வந்தபிறகு ஆர்க்லாவுக்குத் தொண்ணூறு சதவீதம், மீரான் சகோதரர்களுக்குப் பத்து சதவீதம் என்று பங்கு பிரிந்தது. 2025 நவம்பரில் ஆர்க்லா இந்தியா பங்குச் சந்தைக்கு வந்தது. பங்கு 730 ரூபாய். திரட்டிய பணத்தில் கம்பெனிக்குப் புது முதலீடு என்று எதுவும் இல்லை. பழைய பங்குதாரர்கள் தங்கள் பங்கில் ஒரு பகுதியை விற்றுக் காசாக்கினார்கள், அவ்வளவுதான். கேரளத்தில் பாக்கெட்டில் விற்கும் மசாலாவில் ஐந்தில் இரண்டு பங்கு இந்தக் கம்பெனியுடையது. எந்த பர்கர் கடை இதைக் கனவு காண முடியும்?

நார்வேக்குக் கேரளம் புதிதுமல்ல. 1953-ல் கொல்லம் அருகே நீண்டகரையில் இந்தோ-நார்வே மீன்பிடித் திட்டம் வந்தது. இயந்திரப் படகையும் மடிவலையையும் கொண்டுவந்தது. இறாலை ஏற்றுமதிப் பொன்னாக்கியது. கட்டுமரக்காரர்களுக்கும் விசைப்படகுக்காரர்களுக்கும் பத்தாண்டுக்கணக்கில் சண்டையையும் மூட்டியது. 1988 முதல் மழைக்காலத்தில் மடிவலைக்கு அரசு தடை விதிக்க வேண்டியிருந்தது. முதல் முறை வந்தவர்கள் உதவி என்று வந்தார்கள். இரண்டாம் முறை காசு கொடுத்து வாங்கினார்கள். பின்னது நேர்மையான வழி என்றுகூடச் சொல்லலாம்.

இதைத் துரோகக் கதையாக எழுத முடியாது. மலையூரில் ஒரு வியாபாரி தொடங்கியது 2,000 கோடி மதிப்புக்கு வளர்ந்தது சாதனை. விற்பது அவர்கள் உரிமை. பொடியின் ருசி மாறவில்லை, மாற்றவும் மாட்டார்கள். 1994-ல் இந்தியா வந்த கெலாக்ஸ், இட்லி, புரோட்டா தின்னும் நாட்டைக் குளிர்ந்த பாலில் கார்ன்ஃபிளேக்ஸ் சாப்பிட வைக்கப்போய்ப் பட்ட பாடு எல்லோருக்கும் தெரியும். ஊர் நாக்கை மாற்றுவதைவிட, ஊர் நாக்குக்குப் பழகிய கம்பெனியை வாங்குவது மலிவு. ஆனால் வாங்கியபின், விலை என்ன, எந்த ஆலை ஓடும், எது மூடும், லாபம் எங்கே போகும் என்ற முடிவுகள் ஆஸ்லோவின் கணக்குப் புத்தகத்தைப் பார்த்துத்தான் எடுக்கப்படும். அதில் திருவனந்தபுரம் தலைமைச் செயலகத்துக்கு வேலை இல்லை.

தலைமைச் செயலகத்திலிருந்து நடந்து போகும் தூரத்தில் கிழக்கேகோட்டை. அதைத் தாண்டினால் சாலைக் கடைவீதி. திவான் ராஜா கேசவதாசன் பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் போட்ட சந்தை. நாகர்கோவில், திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து வேரூன்றிய தமிழ் வியாபாரிகள் இங்கே தலைமுறைகளாக இருக்கிறார்கள். கடைக்குள் மலையாளம், கணக்குப் பிள்ளையோடு தமிழ். சாக்கில் குவித்த வற்றல் மிளகாயும் மல்லியும் எடைபோட்டு வாங்கி, வெயிலில் காயவைத்து, பக்கத்து மில்லில் அரைத்துக்கொண்டு போவது இந்த நகரத்தின் பழைய வழக்கம். விரலிமஞ்சளைக் கடையிலேயே உடைத்துப் பார்த்து வாங்கும் கிழவிகள் அருகிவருகிறார்கள். மில்லுக்கும் சாக்குக் கடைக்கும் போட்டி மெக்டொனால்ட்ஸோ டாமினோஸோ அல்ல. பத்து ரூபாய்ச் சாம்பார் பொடிப் பாக்கெட். இவர்களுக்காக எந்த பட்ஜெட்டிலும் யாரும் வரி போட யோசிக்கவில்லை. போட்டால் அது எல்லா வீட்டுக் குழம்பிலும் விழும்.

அரசின் கையில் ஆயுதமே இல்லை என்றும் சொல்ல முடியாது. சப்ளைகோ 'சபரி' என்ற பெயரில் தேயிலை முதல் மசாலா வரை விற்கிறது. 1998-ல் தொடங்கிய குடும்பஸ்ரீயின் பெண்கள் ஊர் ஊராகப் பொடி இடித்துப் பாக்கெட் போடுகிறார்கள். சரக்கு பல இடங்களில் நன்றாகவே இருக்கிறது. ஆனால் ஒரே ருசியில், ஒரே அளவில், காசர்கோட்டிலிருந்து பாறசாலை வரை ஒவ்வொரு பெட்டிக்கடையிலும் தொங்கவிடுவது வேறு வித்தை. அதற்குத்தான் 2,000 கோடி.

தட்டுக்கடைப் புரோட்டாவும் இதே பாதையில் போய்க்கொண்டிருக்கிறது. கல்லில் போட்டுச் சுட்டால் போதும் என்ற பாக்கெட் மலபார் புரோட்டா விற்கும் மாடர்ன், ஒரு காலத்தில் மத்திய அரசின் ரொட்டிக் கம்பெனி. 2000 ஜனவரியில் அதன் 74 சதவீதத்தை ஹிந்துஸ்தான் லீவருக்கு அரசு விற்றது. அங்கிருந்து ஒரு முதலீட்டு நிறுவனத்துக்குப் போய், 2021-ல் மெக்சிகோவின் குரூபோ பிம்போ கைக்கு வந்தது. உலகின் மிகப்பெரிய ரொட்டிக் கம்பெனி அது. புரோட்டாவும் ரொட்டிதானா, அதற்கு 18 சதவீத வரியா 5 சதவீதமா என்று கேரள உயர்நீதிமன்றத்தில் வழக்காடி 2024-ல் ஒரு நீதிபதி அமர்வில் 5 என்று தீர்ப்பு வாங்கியதும் இந்தக் கம்பெனிதான். மலபார் புரோட்டாவின் மானத்தைக் காக்க மெக்சிகோக்காரர்கள் வந்து வாதாடினார்கள்!

2019-21 கணக்கெடுப்பில் கேரளத்தில் அளவுக்கு மீறிய எடை உள்ள பெண்கள் 38.1 சதவீதம், ஆண்கள் 36.4 சதவீதம். 2025 செப்டம்பரில் ஜி.எஸ்.டி. கவுன்சில் டெல்லியில் கூடிப் பல பண்டங்களின் வரியை மாற்றியது. செப்டம்பர் 22 முதல் வரியே இல்லை என்று வந்த பட்டியலில், புரோட்டாவும் பீட்ஸா ரொட்டியும் ஒன்றாக இடம்பெற்றிருந்தன.